உறவும் விசுவாசமும்: மட்டக்களப்புக் கிறிஸ்தவம் பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவ விசுவாசத்தின் வளர்ச்சி பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவை பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, திருமுழுக்குப் பெற்றோர் தொகையையும் கட்டப்பட்ட ஆலயங்களையும் கணக்கிடும் மிஷன் வரலாறு. மற்றது, தனியொருவரின் உள்ளத்து அனுபவத்தை மாத்திரம் பேசும் பக்தி நூல். இவ்விரண்டுக்கும் இடையிலே, ஒருவர் தம் வீட்டாருடனும் அயலாருடனும் நாள்தோறும் கொள்ளும் உறவிலே அவருடைய விசுவாசம் எவ்வாறு முதிர்கின்றது என்னும் வினா பெரிதும் ஆராயப்படாது கிடக்கின்றது. கிறிஸ்தவர் சிறுபான்மையினராக வாழும் மட்டக்களப்புப் பிரதேசம் இவ்வினாவை ஆராய்தற்கு மிகவும் ஏற்றதாகும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவர். படுவான்கரையிலுள்ள மண்டூர், முருகன் ஆலயத்தாற் பெயர்பெற்றது. சின்னக்கதிர்காமம் எனப்படும் அவ்வாலயத்திற் கப்புகனார் கதிர்காம மரபையொட்டி வாய்கட்டிப் பூசை செய்வார். 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) என்னும் நூலைத் தந்த பண்டிதர் வி. சீ. கந்தையா பிறந்த ஊரும் இதுவே. ஆலயத்தின் உரிமைகளும் மரியாதைகளும் குடி அடிப்படையிற் பகிரப்படுவன. குடியோ தாய்வழியாக வருவது. எனவே இப்பகுதியில் ஒருவர் 'யார்' என்னும் வினாவுக்கு விடை முதலில் உறவு பற்றியது; நம்பிக்கை பற்றிய விடை அதன் பின்னரே வரும். இத்தகைய சூழலிற் கிறிஸ்தவராதல் என்பது ஒரு கோட்பாட்டை ஏற்பதோடு முடிவதன்று. திருவிழாவிலே மச்சானோடு எங்கு நிற்பது, மாமி அனுப்பிய பொங்கலை உண்பதா விடுவதா, தந்தையின் ஈமச் சடங்கில் எந்தக் கிரியையைச் செய்வது என்றவாறு அது அன்றாட வினாக்களாகவே எதிர்ப்படுகின்றது.

உறவில் வேரூன்றாத விசுவாசத்துக்கு என்ன நேரும் என்பதை ஒல்லாந்தர் காலம் காட்டுகின்றது. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்தம் ஆட்சியில் இலங்கையின் பல பகுதிகளிலும் பதவியும் உரிமையும் திருமுழுக்கோடு பிணைக்கப்பட்டமையாற் பெயரளவிலான கிறிஸ்தவர் பெருகினர். 1796இல் ஆங்கிலேயர் வந்து அப்பிணைப்பு அறுந்ததும் அவர்களிற் பெரும்பாலோர் தம் முன்னைய வழிபாட்டுக்கு வெளிப்படையாகவே மீண்டனர். இதனை மக்களின் 'நிலையின்மை' எனப் பிற்கால மிஷனரிமார் கண்டித்தனர். எமது நோக்கில் அது நிலையின்மையன்று. அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் இருந்த ஒன்று பதிவேட்டோடு போயிற்று, அவ்வளவே.

மெதடிஸ்த இயக்கம் இதற்கு மாறான ஒரு முறையைக் கொண்டுவந்தது. தோமஸ் கோக் தலைமையிற் புறப்பட்ட குழுவினர் 1814இல் இலங்கை வந்தனர். கோக் வழியிலேயே கடலில் உயிர்நீத்தார். அக்குழுவைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற், பயணத்தில் மனைவியை இழந்த நிலையிலே மட்டக்களப்புக்கு வந்து, எட்டு மாதங்களுட் பள்ளிக்கூடங்களைத் தொடக்கி, 1815 ஏப்பிரலில் இறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐயே தன் தொடக்க ஆண்டாகக் கொள்கின்றது. ஓல்றின் தியாகம் பலராலும் எழுதப்பட்டது. ஈண்டு நமக்கு வேண்டுவது அவர் சார்ந்த இயக்கத்தின் உள்ளமைப்பாகும்.

அவ்வமைப்பின் கரு 'வகுப்புக் கூட்டம்'. அதன் தோற்றம் சுவையானது. 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில், கட்டடக் கடனை அடைக்கும் வழியாக, ஒவ்வோர் உறுப்பினரும் வாரத்துக்கு ஒரு பென்னி தருவதென்று முடிவாயிற்று. ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று வீடுவீடாகச் சென்று அப்பணத்தைச் சேர்த்தார். அவ்வாறு சென்றவர்கள் பணத்தோடு வேறு செய்திகளையும் கொண்டுவந்தனர்: இன்ன வீட்டிற் கணவன் குடிக்கின்றான், இன்ன வீட்டிற் சகோதரர் பேசுவதில்லை, இன்னார் வேலையிழந்து கிடக்கின்றார். ஜோன் வெஸ்லி இதனை உடனே பற்றிக்கொண்டார். கடன்வசூல் முறை ஆன்மிகப் பராமரிப்பு முறையாக மாறிற்று. வாரந்தோறும் பன்னிருவர் கூடித் தத்தம் வாழ்வின் நிலையை ஒருவர்க்கொருவர் சொல்வதும், வறியவர்க்கு உதவுவதும் வழக்காயின. சாதாரணத் தொழிலாளரும் பெண்களும் வகுப்புத் தலைவராகினர். ஆங்கிலத் தொழிலாளர் இயக்கங்கள் சில, தம் அமைப்புக்கு இதனையே மாதிரியாகக் கொண்டன என்பதை முற்போக்கு வாசகர் நினைவிற் கொள்ளுதல் தகும்.

இம்முறையின் உட்கருத்து யாது? ஒருவருடைய விசுவாசம் வளர்ந்ததா என்பதை அவரே தனித்திருந்து அறிந்துவிட முடியாது; அவரோடு வாழ்பவரே அறிவர் என்பதாம். தான் பொறுமைசாலி என்று எவரும் எண்ணிக்கொள்ளலாம். வீட்டார் வேறு சொல்லக்கூடும்! யேசுசபையினர் மட்டக்களப்புக்குக் கொணர்ந்த ஆன்ம சோதனை மரபு இதற்குத் துணையானது. 1893இல் நிறுவப்பட்ட திருகோணமலை மறைமாவட்டம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இஞ்ஞாசியார் வகுத்த அம்முறையில் ஒருவர் நாளின் நிகழ்ச்சிகளை, சொன்ன சொல், காட்டிய கோபம், தவறவிட்ட உதவி என ஒவ்வொன்றாக, இறைமுன்னிலையில் மீளப் பார்க்கின்றார். முன்னது கூட்டத்தில் நடப்பது, பின்னது தனிமையில் நடப்பது. எனினும் இரண்டுக்கும் பாடப்பொருள் அன்றாட வாழ்வே.

இனி, உணவு பற்றிய வினாவுக்கு வருவோம். படையற் பொங்கலைக் கிறிஸ்தவர் உண்ணலாமா என்னும் கேள்வி அற்பமானதன்று. முதலாம் நூற்றாண்டிற் கொரிந்து நகர விசுவாசிகள் பவுலிடம் எழுப்பிய கேள்வியும் ஏறத்தாழ இதுவே. அங்குச் சந்தையில் விற்ற இறைச்சி கோயிற் பலியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். பவுல் கோயிற் பலிப்பந்தியில் அமர்வதை விலக்கினார். ஆயினும் வீட்டு விருந்துக்கு அழைக்கப்பட்டவர் கேள்வி கேளாது உண்ணலாம் என்றார். அருகிருக்கும் ஒருவர் அதனைப் படையல் எனச் சுட்டிக் காட்டினால், அவருடைய மனச்சான்றின் பொருட்டு உண்ணாதிருக்க வேண்டும் என்றும் கூறினார். இவ்விடை ஊன்றி நோக்கற்பாலது. இங்கு அளவுகோலாக நிற்பது உணவன்று, உண்பவரின் தூய்மையுமன்று, அருகிருப்பவரே. விலக்கப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றை மனனம் செய்துகொள்வதினும் இது கடினமானது. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு முறையும், எதிரிலிருப்பவர் யார் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டியுள்ளது. முதிர்ச்சி என்பதை இப்பழக்கத்தின் வழியாகவே நாம் விளங்கிக்கொள்ள இயலும்.

மட்டக்களப்பின் தாய்வழி அமைப்பு இதற்கு ஒரு தனித்தன்மையைத் தருகின்றது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாகக் காட்டியவாறு, இங்கு வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றது. கணவனே மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். சகோதரிகள் அயலயலாக வாழ்கின்றனர். இத்தகைய அமைப்பிற் செபமும் வேதப்பாடமும் தாய், பெரியம்மா, சின்னம்மா என்னும் வரிசையிலே பிள்ளைகளைச் சென்றடைதல் இயல்பு. மறையுரைஞர் ஆண்களாக இருந்தபோதும் விசுவாசத்தை நாள்தோறும் பேணியவர் பெண்களே எனக் கருதுவதற்கு இவ்வமைப்பு இடந்தருகின்றது. மிஷன் அறிக்கைகளை மட்டும் படிப்பவருக்கு இது புலப்படாது. அவ்வறிக்கைகளை எழுதியவரும் ஆண்களே.

ஆயின் உறவு என்றதும் நெகிழ்ந்துவிடுதல் ஆய்வுக்கு அழகன்று. உறவு அன்பின் களம் மட்டுமன்று. சாதியின் களமும் அதுவே. தஞ்சையில் 1820களில் எழுந்த பூசல் இதற்குச் சான்று. புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்க் கிறிஸ்தவரின் பூ, மணவினை முதலிய வழக்கங்களையும் சாதி வேறுபாட்டையும் ஒருங்கே தாக்கினர். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தம் மரபினர் சார்பில் அவ்விரண்டையும் ஒருங்கே காத்து நின்றார். பூவைக் காத்தமை நியாயம், சாதியைக் காத்தமை நியாயமன்று என்று இன்று நாம் எளிதிற் கூறலாம். அன்று வாழ்ந்தவர்க்கு இரண்டும் 'நம் வழக்கம்' என்ற ஒரே சொல்லுள் அடங்கியிருந்தன. உறவின் பெயரால் வருவனவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் தெளிவு பிறத்தலும் விசுவாச வளர்ச்சியின் ஒரு கூறாகும். பொதுப் பந்தியில் எவரோடும் ஒருங்கிருந்து உண்ண மறுக்கும் ஒருவர் எத்தனை வேதவாக்கியங்களை ஒப்புவித்தாலும் வகுப்புக் கூட்டத்தின் சோதனையில் தேறமாட்டார்.

உறவின் பயனை மதமாற்றத்தைக் கொண்டு மாத்திரம் அளத்தலும் பொருந்தாது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். அவர் கிறிஸ்தவராகவில்லை, இராமகிருஷ்ண சங்கத் துறவியாகி, தாமே கல்விப்பணி ஆற்றினார். இதனை மிஷனின் தோல்வி எனக் கொள்வார் உளர். பிறருக்குக் கொடுத்த கல்வியை அவர்தம் வழியிலே வளரவிடும் மனம், கொடுத்தவரின் விசுவாசத்துக்கும் ஒரு பயிற்சி என்பதே எம் கருத்து.

போர்க்காலம் இப்பயிற்சியைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. மட்டக்களப்பிற் குருவாகப் பணியாற்றிய சந்திரா பெர்னாந்து அடிகளார் 1988 ஜூன் 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க யேசுசபைத் துறவியும் கூடைப்பந்துப் பயிற்றுநருமான யூஜின் ஹேபேட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15இல், தமிழ் இளைஞர் ஒருவருடன் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகையிற் காணாமற்போனார். இருவரும் மீளவில்லை. அவருடன் ஒரே காலத்தில் இலங்கை வந்த ஹரி மில்லர் அடிகளார், சமாதானக் குழுவில் நின்று, காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்டுப் பதிந்து, அதிகாரிகளிடம் எடுத்துச் சென்றார். வந்த தாய்மார் பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லர். அவர்கள் கொணர்ந்தவை பிள்ளையின் பெயரும் கொண்டுசெல்லப்பட்ட நாளும் இடமுமே. மில்லர் முதுமையில் 2009இல் நியூ ஓர்லியன்சுக்குத் திரும்பினார். அங்குத் தங்க மனமின்றிச் சின்னாட்களில் மட்டக்களப்புக்கே மீண்டு வந்தார்.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் உட்படப் பலர் மாண்டனர். அதன்பின் முஸ்லிம் அயலவரின் கடையிற் பொருள் வாங்குவதா என்பதும், தெருவில் முகம்கொடுத்துப் பேசுவதா என்பதும் அவ்வூர்க் கிறிஸ்தவர் முன் வினாக்களாயின. கொரிந்தியரின் இறைச்சி வினா ஈராயிரம் ஆண்டுகளின் பின் வேறொரு சந்தையில் எழுந்தது என்றே கூறவேண்டும். மன்னிப்புப் பற்றிய மறையுரைகள் அவ்வாண்டு பல நிகழ்ந்தன. ஆயினும் எந்த வீட்டார் எந்த நாளில் மீண்டும் அந்தக் கடைக்குச் சென்றனர் என்பதை எந்த மறையுரையும் பதிந்து வைக்கவில்லை. மட்டக்களப்புக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் தேடவேண்டிய ஆவணம் அதுவே.