காசநோய்: வீட்டிலேயே குணமாகும் நோயை ஏன் மறைக்க வேண்டும்?



செஞ்சி வட்டத்தில் மேல்சித்தாமூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மறுபடி இருமல் வந்தபோது என்னிடம் சொன்னது இதுதான்: "ஹஜ்ரத், பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். வெளியே தெரிஞ்சா நின்னுடும்."

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.5 லட்சம் பேர் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் நம் நாட்டவர். இத்தனைக்கும் இது மருந்தில் குணமாகும் நோய்.

நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் பழையது. அந்தக் காலத்தில் தாம்பரம் போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்க வைத்தார்கள். இதைச் சோதித்துப் பார்த்தது நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளில். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை! 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது.

காரணம் எளிது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். ஆபத்து, கண்டுபிடிக்காமல் இருமிக்கொண்டிருக்கும் நாட்களில்தான். இது காற்றில் பரவுவது. தட்டிலோ டம்ளரிலோ அல்ல. ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடும் நாம் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இருமல் நின்றாலும் உள்ளே கிருமி மிச்சம் இருக்கும். அதனால்தான் வழக்கமாக ஆறு மாதம் மருந்து. பாதியில் விட்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாத கிருமி உருவாகலாம். ரமலானில் மாத்திரை நேரத்தை நாமாக மாற்றாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நோயாளி நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை குர்ஆனிலேயே (2:184) உள்ளது.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களை இது எளிதில் பிடிக்கும்.

அந்தப் பெரியவரை மறுபடி சோதனைக்கு அழைத்துப் போனோம். சிகிச்சை முதலிலிருந்து தொடங்கியது. அவர் சம்மதத்தோடு மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போய்ப் பேசினேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா ஹஜ்ரத்?"

எடுத்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், நோய் இல்லை.