பின்னோக்கி ஏறும் இரயில்

நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜிலிங் செல்லும் மலை இரயிலில் பயணம் செய்வோர் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களையும் கஞ்சன்ஜங்காச் சிகரத்தையுமே படம் பிடிக்கின்றனர். நாம் இங்கு எழுத விரும்புவது, பாதையோரத்தில் பச்சைக் கொடியுடன் நின்ற ஒரு பாயிண்ட்ஸ்மேனைப் பற்றி.

1881-இல் டார்ஜிலிங்கை எட்டிய இந்தப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி, அதாவது 610 மில்லிமீட்டர் மட்டுமே. ஏறத்தாழ 88 கிலோமீட்டர் தொலைவுக்குள் சமவெளியிலிருந்து 2,258 மீட்டர் உயரமுள்ள கூம் நிலையம் வரை ஏறி, பின்னர் சற்றே இறங்குகிறது. நீலகிரி இரயிலுக்கு உள்ள பற்சட்டம் இதற்குக் கிடையாது. செங்குத்தான சில இடங்களில் வண்டி முன்னே சென்று, நின்று, பின்னோக்கித் தள்ளப்பட்டு, மறுபடியும் முன்னே செல்கிறது. ‘இஸட்’ எழுத்தின் வடிவிலான இவ்வமைப்பை அங்கு ‘ரிவர்ஸ்’ என்கின்றனர். இன்று ஆறு உள்ளன. முன்னே செல்ல முடியாவிட்டால் பின்னே சென்று பாருங்களேன் என்று, பாதை அமைத்தவர்களுள் ஒருவரின் மனைவி கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, யோசனை நல்ல யோசனைதான்.

ரங்டங் நிலையத்தைக் கடந்த பின் அத்தகைய ஓரிடத்தில் நம் வண்டி நின்றது. கீழிருந்து வந்த பாதையும், மேலே செல்லும் பாதையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு முட்டுச் சந்தில் முடிகின்றன. முழு வண்டியும் அச்சந்துக்குள் புகுந்த பின்னரே பாயிண்ட் மாற்றப்படுகிறது. முனை கூராகச் சீவப்பட்ட இரண்டு தண்டவாளங்கள் ஓர் இரும்புக் கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளன. லீவரைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. ஒன்று பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ள, மற்றொன்று விலகிச் சக்கர விளிம்புக்கு வழிவிடுகிறது. அவ்வளவே. ஆனால் ஒட்ட வேண்டியது முழுமையாக ஒட்டாவிட்டால், சக்கரத்தின் விளிம்பு அந்த இடுக்கில் நுழைந்து, ஒரே பெட்டியின் சக்கரங்கள் இரு வேறு பாதைகளில் செல்ல முற்படும். வண்டி அப்போது பின்னோக்கி ஏறிக்கொண்டிருக்கும். கூர்முனையை முதலில் சந்திப்பது பயணிகள் அமர்ந்த கடைசிப் பெட்டி. எஞ்சினோ மறுமுனையில் இருந்து தள்ளுகிறது. ஓட்டுநரால் அந்த முனையைக் காண இயலாது.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பாயிண்ட்ஸ்மேன் லீவரைத் தள்ளினார். கொடியை உயர்த்தவில்லை. குனிந்து பார்த்தார். மீண்டும் லீவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். இடுக்கிலிருந்து கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு கல்லை எடுத்து எறிந்து, சேற்றைக் குச்சியால் சுரண்டி, மறுபடியும் தள்ளினார். இம்முறை எழுந்த ஓசை வேறாக இருந்தது. அதன் பின்னும் கார்டு இறங்கி வந்து, தாமே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டே விசில் ஊதினார். இரண்டு அலுவலர்கள் தத்தம் சாவியோடு வந்தாலன்றிப் பாதுகாப்பு அறையைத் திறக்காத தொழிலில் இருக்கும் நமக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை. உடன் வந்த ஒரு பயணி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

இம்மலையில் கல்லும் மண்ணும் என்றும் தீராத தொல்லை. 2010-இல் நிகழ்ந்த பெரும் நிலச்சரிவுக்குப் பின், முழுப் பாதையிலும் வண்டி ஓட 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நீராவி எஞ்சின்களின் முகப்பில் ஆட்கள் அமர்ந்து, சக்கரம் வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவதும் இங்கு வழக்கம். சக்கரத்துக்குத் துணையாகும் அதே மணல், பாயிண்டின் இடுக்கில் சேர்ந்தால் பகையாகிவிடும்.

பின்னோக்கி ஏறிய நம் வண்டி, மேலுள்ள இரண்டாவது முட்டுச் சந்தில் நின்றது. அங்கும் ஒரு லீவர், அங்கும் குனிந்து பார்த்தல். சன்னல் வழியே கீழே நோக்கினோம். முதல் பாயிண்டின் அருகில் அந்த மனிதர் அடுத்த வண்டிக்காகக் கூர்முனைகளைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டு, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குச்சியால் இடுக்கை மீண்டும் சுரண்டிக்கொண்டிருந்தார்.