2.3 மில்லிமீட்டருக்குள் ஒரு சுவர்

கொத்தனார்கள் ‘ஒன்பது இஞ்ச் சுவர்’ என்று சொல்லும் செங்கல் சுவரின் தடிமன் 230 மில்லிமீட்டர். 1:100 அளவில் வரைந்த வீட்டு பிளானில் அது 2.3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அது செங்கல்லா, கான்கிரீட்டா, பிற்காலத்தில் இடிக்கக்கூடிய வெறும் தடுப்பா என்பதை அந்தச் சந்துக்குள்தான் சொல்லியாக வேண்டும். எழுத்து அங்கே நுழையாது. அந்த வேலையைக் கோடுகளும் புள்ளிகளும் செய்கின்றன. வரைவாளர்கள் அவற்றை ‘ஹேட்ச்’ என்பார்கள்.

பிளான் என்பது மேலிருந்து பார்த்த படம் என்று பலர் நினைக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் மொட்டைமாடிதான் தெரியும். தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், பப்பாளியைக் குறுக்கே அரிவதுபோல வீட்டை அரிந்து, மேல்பாதியை எடுத்துவிட்டால் தெரிவதுதான் பிளான். கட்டில், சமையல் மேடையெல்லாம் கத்திக்குக் கீழே இருக்கின்றன. சுவரும் தூணும் கத்தியில் சிக்கியவை. ஹேட்ச் முதலில் சொல்வது ‘இங்கே வெட்டுப்பட்டிருக்கிறது’ என்பதை. எந்தப் பொருள் வெட்டுப்பட்டது என்பது அதற்கு அடுத்த செய்தி. சாய்கோடுகள் செங்கல்லைக் குறிக்கும். சிறு முக்கோணங்களும் புள்ளிகளும் ஜல்லியும் மணலும் கலந்த கான்கிரீட்டைக் குறிக்கும். மரத்துக்கு அதன் ரேகைகள்.

முன்பு இதை வண்ணங்கள் செய்தன. 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்களில் செங்கல்லுக்குச் சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், இரும்புக்கு நீலம் என்று தூரிகையால் தீட்டினார்கள். 1842இல் ஜான் ஹெர்ஷல் நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வரைபட அலுவலகங்களுக்குள் ‘ப்ளூ பிரிண்ட்’ ஆகப் பரவியது. நகல் எடுப்பது எளிதாயிற்று; ஆனால் நீலப் பின்னணியும் வெள்ளைக் கோடும் தவிர அதில் வேறு நிறத்துக்கு இடமில்லை. வண்ணம் சொன்னதையெல்லாம் கோடு சொல்ல வேண்டியதாயிற்று. இதே சிக்கலை ஒற்றை மையில் அச்சடித்த காலத்தவர்கள் முன்பே சந்தித்திருந்தார்கள். குலச் சின்னங்களின் நிறங்களைக் காட்ட, சிவப்புக்குச் செங்குத்துக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு, பொன்னுக்குப் புள்ளி என்ற முறையை 1638இல் தன் நூலில் கையாண்டார் சில்வெஸ்டர் பெட்ரா சாங்தா என்ற இத்தாலிய யேசு சபைத் துறவி.

நம் நாட்டில் அனுமதிக்குக் கொடுக்கும் பிளான்களில் வண்ணம் இன்னும் இருக்கிறது. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி புதிதாகக் கட்டப்போவதைச் சிவப்பால் நிரப்ப வேண்டும். இடிக்கப்போவதை மஞ்சள் ஹேட்ச் போட்டுக் காட்ட வேண்டும். இந்த வண்ணங்கள் சுவருக்கு என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்கின்றன. அது எதனால் ஆனது என்பதைச் சொல்வதில்லை.

கணினிக்குள் ஒரு ஹேட்ச் எவ்வளவு சிறியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆட்டோகேட் மென்பொருளில் வெகுவாகப் பயன்படும் சாய்கோட்டு வடிவம் ஐந்தே எண்கள்தான். கோட்டின் கோணம் 45 பாகை. தொடங்கும் புள்ளி சுழியம், சுழியம். அடுத்த கோடு பக்கவாட்டில் நகர்வது சுழியம், விலகி நிற்பது 0.125 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. ஒரு மாளிகையின் சுவர்களையெல்லாம் நிரப்ப இந்த ஒரு வரி போதும். செங்கல் அடுக்கு வடிவத்துக்கு மூன்று வரிகள்: படுக்கை வரிசைக்கு ஒன்று, ஒன்றுவிட்டு ஒன்று மாறும் செங்குத்து இணைப்புகளுக்கு இரண்டு.

நிரப்பும் விதமும் அழகானது. ஒவ்வொரு கோட்டையும் முடிவில்லாமல் நீளும் கோடாகவே கணினி எடுத்துக்கொள்கிறது. சுவரின் எல்லையை அது எங்கெங்கே கடக்கிறது என்று கண்டு, அந்தப் புள்ளிகளை வரிசைப்படுத்துகிறது. முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது வரை வரை. இரண்டிலிருந்து மூன்று வரை விடு. மூன்றிலிருந்து நான்கு வரை வரை. முகப்புச் சுவரின் நடுவே ஜன்னல் இருந்தால் இந்தக் கணக்கிலேயே அது தானாக வெறுமையாகிவிடும். எல்லையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் உள் எது, வெளி எது என்ற கேள்விக்கு விடையில்லாமல் போகும். மூடாத எல்லையைக் கண்டால் மென்பொருள் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

சில வரைபடங்களில் ஹேட்ச் சரியாகவே போட்டிருந்தும் திரையில் அது கந்தலாகத் தெரியும். நிலநடுக்கோட்டிலிருந்து அளக்கும் சர்வே ஆயத்தொலைவுகளை அப்படியே வைத்து வரைந்தால் இது நேரலாம். நிலநடுக்கோட்டிலிருந்து சென்னை ஏறக்குறைய 1,446 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் 144 கோடிக்கும் மேல். 32 பிட் எண்களைக் கொண்டு திரையில் வரையும்போது, அவ்வளவு பெரிய எண்ணில் 128 மி.மீ.க்குக் குறைந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. சுவரின் பாதித் தடிமனே அந்தத் தடுமாற்றத்தில் போய்விடுகிறது! வரைபடத்தைத் தொடக்கப் புள்ளிக்கு அருகே கொண்டுவந்தால் கோடுகள் நேராகிவிடும்.

2000இல் வெளிவந்து, 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்திடம் போன ரெவிட் மென்பொருளில் சுவருக்கு யாரும் தனியாக ஹேட்ச் போடுவதில்லை. உள்பூச்சு 12 மி.மீ., செங்கல் 230, வெளிப்பூச்சு 20 என்று சுவரை அடுக்கடுக்காக வரையறுக்கிறோம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் வெட்டினால் தெரிய ஒரு வடிவம், முகத்தில் தெரிய இன்னொன்று. மாணவர்கள் இதையெல்லாம் கவனமாகச் செய்துவிட்டு பிளானைத் திறந்தால், அங்கே இரண்டு கோடுகள் மட்டும் நிற்கும். பொருள்கள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. 12 மி.மீ. பூச்சு 1:100இல் 0.12 மி.மீ. வரைபடங்களுக்கான சர்வதேசத் தரத்தில் மிக மெல்லிய கோடே 0.13 மி.மீ. பூச்சின் அடுக்கு, அதன் ஓரத்தை வரையும் பேனாவைவிட மெல்லியது! அதைக் காட்ட முயன்றால் கறுப்புத் தீற்றல்தான் மிஞ்சும். அதனால் ‘கோர்ஸ்’ என்ற குறைந்த விவர நிலையில் ரெவிட் சுவரின் வெளி ஓரங்களையும், மொத்தச் சுவருக்கும் நாம் தனியாகக் கொடுத்திருக்கும் ஒரே நிரப்பலையும் மட்டும் காட்டுகிறது. அதைக் கொடுக்காவிட்டால் சுவர் வெறுமைதான். ‘மீடியம்’ அல்லது ‘ஃபைன்’ நிலைக்கு மாற்றினால் அடுக்குகள் வெளிவரும். 1:20இல் அதே பூச்சு 0.6 மி.மீ., 1:5இல் 2.4 மி.மீ. அங்கே அது இடம் பிடித்து நிற்கும். இதை மென்பொருளின் குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த அளவில் எதைச் சொல்லாமல் விடுவது என்பது கைவரைவின் காலத்திலேயே நல்ல வரைவாளரின் தேர்ச்சியாக இருந்தது.

வெட்டு வடிவத்தின் சாய்கோடுகள் தாளின் அளவைச் சார்ந்தவை. எந்த ஸ்கேலிலும் ஒரே இடைவெளியில் இருக்கும், ஏனென்றால் அவை குறிகள். 600 மி.மீ. டைலின் கோடுகள் அப்படியல்ல. அவை மெய்யான இணைப்புகள். ஸ்கேலோடு சேர்ந்து வளரவும் சுருங்கவும் வேண்டும். ரெவிட் இவ்விரண்டையும் வேறு வகைகளாகவே வைத்திருக்கிறது. இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் எந்த அடுக்கு ஊடுருவிச் செல்லும் என்பதற்கும் அதில் முன்னுரிமை எண்கள் உண்டு. பாரம் தாங்கும் அடுக்குக்கு 1. செங்கல் செங்கல்லோடு சேரும், பூச்சு ஓரமாக நின்றுவிடும். அந்த எண்ணைத் தவறாகக் கொடுத்திருந்தால் பூச்சு செங்கல்லைக் கிழித்துக்கொண்டு போவது ஹேட்ச் இருக்கும்போது ஒரே பார்வையில் தெரியும்.

பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று எல்லாச் சுவரையும் ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்பும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. கட்டடத்தைத் தாங்கும் 200 மி.மீ. கான்கிரீட் சுவரும், தடுப்புக்கு எழுப்பிய 200 மி.மீ. பிளாக் சுவரும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து, ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுக்கலாமா என்று யோசிப்பவர் கையில் இந்த பிளான் மட்டும்தான் இருக்கும் என்றால், அவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியப்போவதில்லை. 1:100 பிளானுக்கு மூன்று குறிகள் போதும்: கான்கிரீட்டுக்கு முழுக் கறுப்பு, செங்கல்லுக்கும் பிளாக்குக்கும் வெவ்வேறு கோடுகள். பூச்சையும் மற்ற அடுக்குகளையும் 1:20 விவரப் படத்தில் காட்டலாம். வெளியே அனுப்புமுன் அந்த பிளானை ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்து, மூன்றும் வேறுவேறாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். சைட்டுக்குப் பெரும்பாலும் போய்ச்சேர்வது அந்த நகல்தான்.