உயிர்ச்சத்தும் மூலிகையும் உள்ளத்தின் ஊக்கமும்

பரீட்சை அணுகுங்கால், நினைவாற்றலை வளர்க்கும் எனப் பெயர்பெற்ற குளிசைகளையும் பாணிகளையும் பெற்றோர் வாங்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டுதல் ஜெயபுரம் போன்ற வன்னிக் கிராமங்களிலும் வழக்கமாகிவிட்டது. கூலிக்குச் சென்று ஈட்டிய பணம் இவ்வழியிற் செலவாதலின், இப்பொருள்கள் உள்ளத்திற்கு யாது செய்யும், யாது செய்யா என்பதை அறிதல் வேண்டும்.

விற்றமின் என்னும் பெயரை 1912 இல் வழங்கியவர் கசிமிர் பங்க் என்பார். அதற்கு முன்னரே, யாவாத் தீவிலிருந்த ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்தலையும், தவிடு கொடுத்தபோது அவை தேறுதலையும் கண்டார். தவிட்டிலிருந்த அப்பொருளே தயமின் எனப்படும் பீ 1. 1936 இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய றொபேட் வில்லியம்ஸ் நெல்லூரிற் பிறந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. குளுக்கோசு என்னும் வெல்லத்திலிருந்து மூளை ஆற்றல் பெறுதற்குத் தயமின் இன்றியமையாதது. அது குறையின் எரிச்சலும் சோர்வும் தோன்றும். குறை முற்றின் நினைவே சிதையும். நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டிலுள்ள தயமின் அரிசியினுள்ளே ஊறிவிடுதலால், தீட்டிய பின்னும் ஒரு பங்கு எஞ்சுகின்றது. நெல்லவித்த நம் பாட்டிமார், விற்றமின் என்ற சொல்லைக் கேளாதிருந்தே அதனைக் காத்துவந்தனர்.

சைவ உணவினர் சிறப்பாகக் கருதவேண்டியது பீ 12. அது மரக்கறியில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. ஈரலிற் சில ஆண்டுகளுக்குப் போதிய இருப்பு இருத்தலால் குறை மெல்லவே வெளிப்படும். மறதியும் மனச்சோர்வும் கால் விறைப்பும் வந்தபோது, அவற்றை முதுமையென்றோ சோம்பலென்றோ எண்ணிவிடுகிறோம். இந்நிலையிற் போலிக் அமிலக் குளிசையை மட்டும் உண்டால் இரத்தச்சோகை மறையும். நரம்பின் கேடோ உள்ளே வளரும். இரத்தப் பரிசோதனையின்றித் தாமே மருந்து தெரிவோர்க்கு நேரத்தக்க இடர் இதுவாம்.

குறையுள்ள இடத்து விற்றமின் செய்வது பெரிது. குறையில்லாத இடத்து அது அறிவைக் கூட்டும் என்பதற்குத் தக்க சான்றில்லை. நிறைந்த குளத்திற்கு மேலும் நீர் வரின் வான் பாய்ந்து போவதுபோல, மிகுந்த பீ விற்றமின்கள் பெரும்பாலும் சிறுநீரோடு கழியும். எல்லாம் அவ்வாறு தீங்கின்றிக் கழியும் என்றுங் கொள்ளற்க. பீ 6 ஐ நாடோறும் கிராம் கணக்கில் உண்டோர் நரம்பு கெட்டு நடை தடுமாறியமை 1983 இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

மூலிகையின் கதை வேறு. குளக்கரையிலும் வயல் வரம்பிலும் படரும் வல்லாரையைச் சரக சங்கிதை மண்டூகபர்ணி என்று கூறி, அறிவை வளர்க்கும் நான்கு மருந்துகளுள் ஒன்றாக வைத்தது. பிரமி என்ற பெயர் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் பொதுவாய் வழங்குதலால், ஒன்றின் புகழை மற்றொன்றின் போத்தலில் ஒட்டி விற்றல் எளிதாயிற்று. நீர்ப்பிரமியை அவுஸ்திரேலியாவில் 46 பேரைக் கொண்டு சோதித்து 2001 இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாற்றுக் குளிசை உண்டோர், மருந்தற்ற குளிசை உண்டோரினும் சொற்களை விரைந்து கற்றனர். ஆயின் அப்பயன் 12 வாரங்களின் பின்னரே நன்கு தெரிந்தது. பரீட்சைக்கு முதல் வாரத்தில் வாங்கும் போத்தல் என்ன செய்யும்? வல்லாரைக்குச் சான்று இன்னும் மெலிது. ஆய்வுகள் பலவற்றை ஒருங்கு நோக்கிய 2017 ஆம் ஆண்டுக் கட்டுரை, அறிவாற்றலில் உறுதியான உயர்வைக் காணவில்லை. விழிப்புச் சற்றுக் கூடலாம், சினம் தணியலாம் என்ற அளவில் நின்றது.

வல்லாரைச் சம்பலைச் சோற்றோடு உண்பதற்குத் தடையில்லை. ஆனால் வல்லாரைக் குளிசைகளை வாரக்கணக்கில் உண்டோர் சிலர்க்கு ஈரல் அழற்சி ஏற்பட்டமை பதிவாகியுள்ளது. ஈரல் நோய் கண்டோரும் வேறு மருந்து உண்போரும் அவற்றை வாங்குமுன் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.