உங்களுக்குத் தெரியுமா? தஞ்சை அரண்மனைக் காதல்கள்

● தலைவன் உலா வருவான். பார்த்த தலைவி மயங்குவாள், நிலவு சுடும், தோழி தவிப்பாள். கடைசியில் கூடையும் கோலுமாகக் குறத்தி வந்து கைரேகை பார்த்து, 'கிடைப்பான் அம்மே' என்பாள். குறவஞ்சி என்றால் இதுதான் கதை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் விழாவுக்கு விழா ஆடப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் தலைவன் சாமி இல்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832)! பாடியவர் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர். சிவன் சன்னிதியிலேயே ராஜாமேல் காதல்.

● அதே சரபோஜியைப் போல சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவரும் குறவஞ்சி பாடினார். தலைவன் மட்டும் இயேசு. பெத்லகேம் குறவஞ்சியில் சீயோன் குமாரி தேவமோகினி கிறிஸ்துவை எண்ணி உருகுகிறாள். குறத்தி உண்டு, அவள் கணவன் சிங்கன் உண்டு, எதுவும் குறையவில்லை. பின்னாளில் புதிதாக வந்த மிஷனரிகளோடு மோதிச் சபை வேலை போனபோது, சாஸ்திரியாருக்குப் படியளந்தவர் சரபோஜிதான்.

● பெண்ணாகத் தன்னைப் பாவித்துக் கடவுளைக் காதலிப்பது நம் ஆழ்வார்களோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கறாரான பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் எட்வர்ட் டெய்லரும் (மறைவு 1729) அப்படித்தான் பாடினார். அவரது கைப்பிரதி யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்து, 1937இல்தான் ஒருவர் கண்ணில் பட்டது.

● அதே பியூரிட்டன் கூட்டத்தில் ஆன் பிராட்ஸ்ட்ரீட் கட்டிய கணவரையே காதலித்துப் பாடினார். அவரது முதல் நூல் 1650இல் லண்டனில் வந்தது. கணவர்மேல் பாடிய கவிதைகள் அச்சேறியதோ அவர் இறந்த பிறகு, 1678இல்!

● இவற்றிலெல்லாம் துணிச்சலானது தஞ்சையில்தான் பிறந்தது. சரபோஜியின் பாட்டனார் பிரதாபசிம்மர் காலத்தில் (1739–1763) அரசவைக் கணிகை முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு'. தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்குத் தானே கட்டிவைத்த ராதை, பிறகு பொறாமையில் வேகிறாள். கண்ணன்தான் வந்து காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆசைப்படுவதும் கோபிப்பதும் அவள்; சமாதானம் சொல்வது அவன் வேலை.

● சமூகச் சீர்திருத்தக்காரரான வீரேசலிங்கம் பந்துலுவே 'ராதிகா சாந்த்வனமு'வைப் படித்து முகம் சுளித்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் விடவில்லை. ஆண் புலவர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியதெல்லாம் அச்சில் இருக்க, வெட்கம் பெண்ணுக்கு மட்டுமா என்று கேட்டு, 1910இல் முழு நூலையும் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேய அரசு ஆபாசம் என்று பிரதிகளைப் பறிமுதல் செய்தது. நூல் மீதான தடை நீங்கியது 1947இல், பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது.