இடைவெளி இல்லாத இசைத்தட்டு

பிங்க் ஃப்ளாய்ட் குழு 2001 நவம்பரில் 'எக்கோஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. இரண்டு குறுந்தகடுகளில் 26 பாடல்கள். 1967 முதல் 1994 வரையிலான அவர்களின் இசை வாழ்க்கை அதில் இருக்கிறது, ஆனால் கால வரிசையில் இல்லை. 1994இன் 'ஹை ஹோப்ஸ்' முடிந்ததும் 1967இன் 'பைக்' வருகிறது. இன்னொரு வியப்பு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம் கிடையாது. ஒன்று தேய, மற்றொன்று அதற்குள்ளிருந்தே எழுகிறது. இந்த இணைப்பு வேலையைச் செய்தவர் ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி.

ஒன்றின் ஒலியைக் குறைத்துக்கொண்டே மற்றதைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சரிபாதி வழியில் இரண்டு பாட்டின் அலை வீச்சும் 50 சதவீதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் ஆற்றல் வீச்சின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது கால் பங்கு ஆற்றல்தான். இரண்டையும் கூட்டினாலும் பாதிதான் வரும். சரியாக இணைப்பு விழும் இடத்தில் இசை ஒரு கணம் பள்ளத்தில் இறங்கியதுபோல் காது உணரும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, நடுவில் இரண்டையும் 71 சதவீத வீச்சில் வைக்க வேண்டும். 0.71இன் இருமடி ஏறத்தாழ அரை. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலிகளுக்கே இந்தக் கணக்கு. ஒரே ஒலியின் இரு நகல்களை இணைத்தால் அலைகள் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அங்கே 50 சதவீதமே சரி.

கணக்கு வழி காட்டும், அவ்வளவுதான். எந்த ஓசையை எதன்மேல் படியவிடுவது என்பதைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும். இந்தக் குழுவின் பாடல்கள் அதற்கு வாகானவை. கடிகாரங்கள், காற்று, மணியோசை என்று பாட்டின் வாசலிலேயே ஓசைகளை வைத்தவர்கள் அவர்கள்.

தொகுப்புக்குப் பெயர் தந்த 'எக்கோஸ்' பாட்டே ஒற்றைப் பியானோ சுரத்தில்தான் தொடங்குகிறது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் போன்ற அந்த ஒலி, குழுவின் ரிக் ரைட் வாசித்த சுரத்தை லெஸ்லி ஒலிபெருக்கி வழியே அனுப்பியதால் கிடைத்தது. அந்தப் பெட்டிக்குள் ஒலி வரும் குழல் சுழன்றுகொண்டே இருக்கும். குழலின் வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும். நம்மைக் கடந்துபோகும் ரயிலின் ஹாரனில் கேட்கும் அதே டாப்ளர் விளைவுதான். ஒரு மரப்பெட்டிக்குள் நடக்கும் அந்தச் சுழற்சி, அசையாத பியானோவைக் கடலடியில் மிதக்கவிடுகிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

இவ்வளவு அழகான தொகுப்புக்கு விலையும் உண்டு. ஒரு குறுந்தகட்டில் சுமார் 80 நிமிட இசையே கொள்ளும், இங்கே இரண்டும் ஏறத்தாழ நிரம்பிவிட்டன. இருபத்து மூன்றரை நிமிட 'எக்கோஸ்' பதினாறரை நிமிடமாகச் சுருங்கியது. ஏழு நிமிடம் என்பது பலருடைய பாட்டு முழுவதையும்விட நீளம். கத்தரித்த இடம் தெரியாத அளவுக்கு வேலை நேர்த்திதான். என்றாலும் அந்தப் பாட்டு நீளத்தால் வாழ்வது. மெல்ல மூழ்கி மெல்ல மேலேறும் அதன் பொறுமையே அதன் உயிர். தொகுப்பின் வழியாக உள்ளே வருபவர்கள் 1971இன் 'மெடில்' ஆல்பத்தையும் தேடிக் கேட்க வேண்டும். அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் இந்த ஒரே பாட்டுதான்.