டர்போ கார்களுக்கு மாற்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தேர்ந்தெடுத்தல்

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் எரிந்த புகையைத் திரட்டி ஒரே வழியில் செலுத்தும் குழாய்த் தொகுதி ஆகும். டர்போசார்ஜர் உள்ள கார்களில் இப்புகை முதலில் டர்போவின் சுழலியைச் சுழற்றுகிறது. அதன் பிறகே சைலன்சருக்குச் செல்கிறது. பெரும்பாலான கார்களில் டர்போவின் எடையைத் தாங்குவதும் மேனிஃபோல்டுதான். எனவே நிறுவனம் பொருத்திய மேனிஃபோல்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்த விரும்புவோர் குதிரைத்திறனை மட்டுமன்றி, அது வெப்பத்தையும் எடையையும் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதற்கேள்வி: மாற்ற முடியுமா?

எல்லா எஞ்சின்களிலும் மேனிஃபோல்டு தனி உதிரிபாகமாக இருப்பதில்லை. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் அது சிலிண்டர் ஹெட்டுடன் ஒன்றாகவே வார்க்கப்பட்டுள்ளது. ஃபோக்ஸ்வேகன் டைகுன், ஸ்கோடா குஷாக் ஆகியவற்றின் 1.0 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சினும் இவ்வகையே. ஹெட்டைச் சுற்றி ஓடும் குளிர்நீர் புகையின் வெப்பத்தையும் தணிக்கிறது. இத்தகைய கார்களுக்கு மாற்று மேனிஃபோல்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2004இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., பிற்காலத்து மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்றவற்றில் மேனிஃபோல்டு தனியாக இருக்கும்.

வடிவ வகைகள்

1. கட்டை வகை: சிலிண்டர் வாய்கள் அனைத்தும் ஒரே பொதுக்குழாயில் திறக்கும். உட்கொள்ளளவு குறைவு, ஆகவே குறைந்த சுழற்சியிலேயே டர்போ விரைந்து எழும்பும். இடமும் செலவும் குறைவு. உயர் சுழற்சியில் ஒரு சிலிண்டரின் புகை மற்றொன்றை எதிர்த்துத் தள்ளுவது இதன் குறை.

2. சம நீளக் குழாய் வகை: ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே நீளமுள்ள தனிக்குழாய் உண்டு. புகைத் துடிப்புகள் சீரான இடைவெளியில் சுழலியை அடைவதால் உயர் சுழற்சியில் ஆற்றல் கூடும். நீளம் சமமாக இல்லாவிட்டால் ஒலியும் மாறும். பழைய சுபாரு டர்போ கார்களின் தனித்த உறுமலுக்கு இதுவே காரணம்.

3. இரட்டைப் பாதை வகை: நான்கு சிலிண்டர் எஞ்சின் பொதுவாக 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒரு சிலிண்டர் புகையை வெளிவிடும். வெளியேற்று வால்வோ சுமார் 240 பாகை வரை திறந்திருக்கும். இதனால் அடுத்தடுத்த சிலிண்டர்களின் புகை சுமார் 60 பாகை அளவுக்கு மோதிக்கொள்கிறது. 1, 4 ஆகியவற்றை ஒரு பாதையிலும் 2, 3 ஆகியவற்றை மற்றொரு பாதையிலும் சேர்த்தால் இம்மோதல் தவிர்க்கப்படும். ஆனால் டர்போவின் சுழலிக் கூடும் இரு பாதைகளாகப் பிரிந்திருக்க வேண்டும். இல்லையேல் பயன் இல்லை.

உலோகமும் வெப்பமும்

பெட்ரோல் டர்போ எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். 40 செ.மீ. நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 800 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 6 மி.மீ. நீளும், வார்ப்பிரும்பு சுமார் 4 மி.மீ. நீளும். குழாய் பிடிக்கப்பட்டுள்ள அலுமினிய ஹெட்டோ குளிர்நீரால் சுமார் 100 டிகிரி அளவிலேயே நிற்கிறது. நீள முயலும் குழாயை நீளாத ஹெட் தடுப்பதால் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் விழுகிறது. விலை மலிந்த, பளபளப்பான குழாய் மேனிஃபோல்டுகள் சில மாதங்களிலேயே பிளப்பதற்கு இது முக்கியக் காரணம்.

304 தர எஃகு பரவலாகக் கிடைக்கிறது. டைட்டானியம் கலந்த 321 தரமும் நியோபியம் கலந்த 347 தரமும் உயர் வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். குழாய்ச் சுவர் 1.6 மி.மீ. மட்டுமே இருந்தால் டர்போவைத் தாங்கத் தனி முட்டு தேவை. சுமார் 2.8 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த குழாய் நாளும் ஓடும் காருக்கு ஏற்றது. நல்ல வார்ப்பிரும்பு எடை கூடியது எனினும் ஆயுளில் முந்தி நிற்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

• ஹெட்டில் பொருந்தும் முகத்தகடு 10 மி.மீ.க்குக் குறையாத தடிமனும் வளைவற்ற சமதளமும் கொண்டிருத்தல்.
• வெல்டிங் குழாயின் உட்புறம் வரை சீராக ஊடுருவியிருத்தல்.
• அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்கு எல்லாச் சிலிண்டர்களின் புகையும் எளிதில் செல்லுதல். இல்லையெனில் அழுத்தம் அளவு மீறி எஞ்சின் சேதமாகும்.
• பிரேக் குழாய், ஒயர், எண்ணெய்க் குழாய் ஆகியவற்றிலிருந்து போதிய இடைவெளியும் வெப்பத் தடுப்புத் தகடும் இருத்தல். எண்ணெய்க் கசிவு சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கும்.

துணிப்பட்டை சுற்றுவது எஞ்சின் அறையின் வெப்பத்தைக் குறைக்கும்; ஆனால் குழாயின் வெப்பத்தைக் கூட்டி விரிசலை விரைவுபடுத்தும். அதைவிடப் பீங்கான் பூச்சு நல்லது.

சட்டமும் சாலையும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தால் வந்த பிரிவு 182ஏ-இன்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒலி, புகை வரம்புகளை மீறுவது பிரிவு 190(2)-இன்கீழ் வரும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 கார்கள் பலவற்றில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி டர்போவை ஒட்டியே உள்ளது. மேனிஃபோல்டை மாற்றுவோர் அதை அகற்றக் கூடாது.

பயன்படும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒத்தக்கடை வழியாக மதுரைக்கும் மேலூருக்கும் நாள்தோறும் சென்று வரும் கார் பெரும்பாலும் நடுத்தரச் சுழற்சியிலேயே ஓடும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அறைக்குக் காற்றோட்டமும் இராது. உயர் சுழற்சிக்கான சம நீளக் குழாய்களின் பலன் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் போன்ற பந்தயத் தடங்களில்தான் முழுமையாகக் கிடைக்கும். அதற்கும் எஞ்சினின் கணினி அமைப்பை மேனிஃபோல்டுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அன்றாடச் சாலைக் காருக்கு, நிறுவனம் கொடுத்த வார்ப்பு மேனிஃபோல்டை விரிசலின்றிப் பேணுவதே பெரும்பாலும் சரியான தேர்வு.